எச்சிலைத் தொட்ட கை: பல் மருத்துவர் ரஃபியுதீன் அகமதும் நம் சிதம்பரமும்



போன வருடம் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு அம்மாவைச் சிதம்பரத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். முப்பது வருடம் தெருப் பெருக்கியவர். கீழ்த்தாடையில் வீக்கம். வெற்றிலை பாக்கோடு புகையிலை போடும் பழக்கம் உண்டு. ‘அது இல்லன்னா அந்த நாத்தத்துல நிக்க முடியாதுப்பா’ என்பார். வீக்கம் புற்றாக இருக்குமோ என்ற பயத்தில் மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

பல் மருத்துவமனையில், வாய் மற்றும் முகத்தாடை அறுவை சிகிச்சைப் பிரிவில், பயிற்சியில் இருந்த ஒரு இளம் பெண் மருத்துவர்தான் முதலில் பார்த்தார். கையுறை போட்ட விரலை வாய்க்குள் விட்டுக் கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடியையும் தடவிப் பார்த்தார். அம்மாவுக்குக் கூச்சம். ‘எச்சி படுது பாப்பா, கைய எடுத்துக்கோ’ என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ‘பரவாயில்லம்மா, இன்னும் கொஞ்சம் நல்லாத் தொறங்க’ என்றார்.

சொத்தைப் பல்லால் வந்த சீழ்க்கட்டிதான். மருந்து கொடுத்து, பிறகு பல்லை எடுத்தார்கள். சரியாகிவிட்டது. ஆனால் அன்று திரும்பும் பேருந்தில் அம்மா சொன்னதை நான் மறக்கவில்லை. ‘ஒரு டீக்கடைல எனக்குத் தனி கிளாஸ் வெச்சிருந்தாங்க. இந்தப் பொண்ணு என் வாய்க்குள்ளயே கைய விட்டுடுச்சே.’

சாதி வாழும் இடங்களில் ஒன்று வாய். யார் யாரோடு உட்கார்ந்து உண்ணலாம், யார் எந்தப் பானையில் தண்ணீர் மொள்ளலாம், யார் குடித்த குவளையை யார் கழுவுவது என்பதெல்லாம் எச்சிலைச் சுற்றி எழுதப்பட்ட சட்டங்கள். பேஷ்வாக்கள் ஆண்ட பூனாவில் தீண்டப்படாதவர்கள் எச்சிலைத் தரையில் துப்பிவிடக் கூடாது என்று கழுத்தில் மண்சட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்தச் சட்டிக்கும் நம் ஊர் இரட்டைக் குவளைக்கும் அடிப்படை ஒன்றுதான்.

அப்படியான நாட்டில், அடுத்தவர் வாய்க்குள் கை விடுவதையே படிப்பாக மாற்றிய முதல் கல்லூரி எப்படி வந்தது? அதைத் தொடங்கியவர் யார்? அந்தப் பேருந்தில் எனக்கு வந்த கேள்வி இது.

அவர் பெயர் டாக்டர் ரஃபியுதீன் அகமது. 1890 டிசம்பர் 24இல் கிழக்கு வங்காளத்தில் பிறந்தவர். அவர் பிறந்த நாளைத்தான் இந்தியாவில் தேசியப் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அலிகரில் படித்தார். பிறகு அமெரிக்காவுக்குக் கப்பலேறி அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்து 1915இல் பட்டம் பெற்றார். அடுத்த சில ஆண்டுகள் பாஸ்டன் நகரின் ஃபோர்சைத் பல் மருத்துவமனையில் வேலை செய்தார். ஏழைக் குழந்தைகளின் பற்களைக் கவனிப்பதற்காகவே 1914இல் திறக்கப்பட்ட இடம் அது. பல் வைத்தியம் என்பது பணக்காரர்களின் அலங்காரம் இல்லை, பொதுச் சுகாதாரத்தின் ஒரு பகுதி என்ற எண்ணம் அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது.

1919இல் அவர் இந்தியா திரும்பியபோது இங்கே பல் மருத்துவக் கல்லூரி ஒன்றுகூட இல்லை. உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அமெரிக்காவின் பால்டிமோரில் 1840இலேயே தொடங்கிவிட்டது. நாம் எண்பது ஆண்டு பின்னால் இருந்தோம்.

பல் பிடுங்குபவர்கள் இல்லாமல் இல்லை. நம் ஊர்களில் கட்டி கீறுவதும் பல் எடுப்பதும் நாவிதர் சமூகத்தின் வேலையாக இருந்தது. அந்த வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். பரியாரி, மருத்துவர், மருத்துவச்சி என்றெல்லாம் அவர்களுக்குப் பெயர். பெயரில் மருத்துவம் இருந்தது, மரியாதை இல்லை. இங்கிலாந்திலும் நாவிதர்கள்தான் கத்தியைப் பிடித்தார்கள். 1540இல் நாவிதர்களும் அறுவை வைத்தியர்களும் ஒரே சங்கமாக இருந்தார்கள். 1745இல் பிரிந்தார்கள். 1800இல் அறுவை வைத்தியர்களுக்கு அரச கல்லூரி என்ற அந்தஸ்து வந்தது. அங்கே அந்தக் கைத்தொழில் கல்லூரிக்குள் போய்ப் படிப்பானது. இங்கே அது சாதிக்குள்ளேயே கிடந்தது. ரத்தத்தையும் சீழையும் எச்சிலையும் தொடுகிறவர் தாழ்ந்தவர் என்பதுதான் இங்கே விதி.

இந்தச் சூழலில் அகமது 1920இல் கல்கத்தாவில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். ‘நியூயார்க் சோடா ஃபவுண்டன்’ என்ற பெயரில் ஒரு குளிர்பானக் கடையை நடத்தி, அதில் வந்த பணத்தைக் கல்லூரிக்குப் போட்டார். ஒரு பக்கம் சோடா விற்றார், இன்னொரு பக்கம் பாடம் நடத்தினார். ஃபாத்திமா ஜின்னா இங்கே படித்துவிட்டு 1923இல் பம்பாயில் பல் மருத்துவமனை திறந்தார். ஒரு முஸ்லிம் பெண் தனியாகத் தொழில் நடத்துவதே அன்று பெரிய செய்தி.

ஆசிரியர் வேலை வகுப்பறையோடு முடியவில்லை. மாணவர்களுக்குப் பாடநூல் வேண்டும் என்று 1928இல் பல் சீரமைப்பு பற்றி ஒரு கையேடு எழுதினார். 1925இல் இந்தியப் பல் மருத்துவ இதழைத் தொடங்கி இருபது ஆண்டுக்கும் மேல் ஆசிரியராக இருந்தார். மருத்துவர்களுக்குச் சங்கம் கட்டினார். வங்காளத்தில் 1939இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. 1948இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. அந்த 1948 சட்டத்தில் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. பட்டம் பெற்றவர்களுக்கு ‘அ’ பட்டியல், பட்டமில்லாமல் பல ஆண்டு தொழில் செய்துவந்தவர்களுக்கு ‘ஆ’ பட்டியல் என்று இரண்டு பதிவேடு வைத்தார்கள். கையில் தொழில் இருந்தவர்களை ஒரேயடியாக வெளியே தள்ளவில்லை. ஆனால் கதவு பட்டத்தை நோக்கித் திரும்பிவிட்டது. இனி பல்லைத் தொட வேண்டுமானால் கல்லூரிக்குள் போக வேண்டும்.

1949இல் அகமது தன் கல்லூரியைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் பொதுவுக்குக் கொடுத்துவிட்டார். இன்று அது கொல்கத்தாவில் அவர் பெயரிலேயே அரசுக் கல்லூரியாக நடக்கிறது. 1950 முதல் 1962 வரை மேற்கு வங்க அமைச்சரவையில் இருந்தார். 1964இல் பத்ம பூஷண் விருது. 1965இல் இறந்தார்.

இது ஒரு பெரிய வாழ்க்கை. சோடா விற்ற காசில் கல்லூரி கட்டி, அதை விலை பேசாமல் கொடுத்துவிட்டுப் போன மனிதரை நாம் மதிக்க வேண்டும். அதே நேரத்தில் சமூகவியல் படித்தவள் என்ற முறையில் இன்னொரு வாழ்க்கையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

அகமது அயோவாவில் பட்டம் பெற்ற அதே 1915இல், அதே அமெரிக்காவில், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இன்னொரு இந்திய இளைஞர் எம்.ஏ. பட்டம் பெற்றார். அவர் பீமாராவ் அம்பேத்கர். அகமதுவைவிடச் சில மாதங்களே இளையவர்.

அம்பேத்கர் 1917இல் பரோடா அரசு வேலைக்குத் திரும்பினார். தங்க இடம் கிடைக்கவில்லை. சாதியை மறைத்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். சில நாளில் தடியோடு வந்தவர்கள் வெளியேற்றினார்கள். 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அங்கே உடன் வேலை பார்த்த பேராசிரியர்கள், தங்கள் தண்ணீர்ப் பானையிலிருந்து அவர் குடிக்கக் கூடாது என்று எதிர்ப்புச் சொன்னார்கள்.

இருவரும் கடல் கடந்து படித்தவர்கள். இருவரும் ஆசிரியர்கள். ஒருவர் ஊர் திரும்பிக் கல்லூரி நடத்த முடிந்தது. இன்னொருவருக்கு ஒரு அறை கிடைக்கவில்லை, ஒரு குவளைத் தண்ணீர் கிடைக்கவில்லை. அகமதுவின் அப்பா அரசு அதிகாரி. அதனால் அகமதுவின் உழைப்பு சிறியதாகிவிடாது. ஆனால் ‘உழைத்தால் யாரும் மேலே வரலாம்’ என்று நமக்குப் பாடம் நடத்துகிறவர்களிடம் இந்த இரண்டு வாழ்க்கையையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அகமது சாதி ஒழிப்புப் போராளி இல்லை. அப்படி அவரைச் சித்தரிக்க நான் விரும்பவில்லை. அவர் ஒரு கதவைக் கட்டினார். அதன் வழியாக யார் உள்ளே போகலாம் என்ற சண்டையை வேறு ஆட்கள் போட்டார்கள்.

அப்படிச் சண்டை போட்டவர்களில் ஒருவர் நம் சிதம்பரத்துக்காரராக வாழ்ந்தார். அகமது பிறந்த அதே 1890இல் ஆரணிப் பக்கம் பிறந்த சுவாமி சகஜானந்தர். கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரி தொடங்குவதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1916இல், சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். எந்த ஊரில் நந்தனைத் தீயில் இறக்கிய கதையைப் பக்தியாகச் சொல்கிறார்களோ, அந்த ஊரில் நந்தன் பெயரிலேயே பள்ளி. சட்டமன்றத்துக்குள்ளும் போய்ப் பேசினார். கடலூர், சிதம்பரம் பக்கம் நம் வீடுகளில் முதல் எழுத்து படித்தவர் யார் என்று விசாரித்துப் பாருங்கள். பல வீடுகளில் பதில் நந்தனார் பள்ளியில் போய் நிற்கும்.

பள்ளிக்கூடம் வந்தது. கல்லூரி? அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் வந்தது. அங்கே ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 1980இல் வந்தது. நந்தனார் பள்ளிக்கும் அந்தக் கல்லூரிக்கும் நடுவே தூரம் அதிகமில்லை. ஆனால் நம் பிள்ளைகள் அந்தத் தூரத்தை நடந்து கடக்க முடியவில்லை. நடுவில் கட்டணம் நின்றது.

2013இல் தமிழ்நாடு அரசு பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்தது. அதன் பிறகும் மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல், பல் மருத்துவத்துக்கு 3 லட்சத்துக்கு மேல். அரசு நடத்தும் கல்லூரியில் தனியார் கட்டணம் எப்படி வாங்கலாம் என்று மாணவர்கள் கேட்டார்கள். 2020 டிசம்பரில் போராட்டம் தொடங்கியது. விடுதியை மூடினார்கள், உணவை நிறுத்தினார்கள். மாணவர்கள் கலையவில்லை. ஐம்பது நாளுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். 2021 தொடக்கத்தில் அரசு இறங்கி வந்தது. கல்லூரிகள் சுகாதாரத் துறையின் கீழ் வந்தன. எம்.பி.பி.எஸ். கட்டணம் 13,610 ரூபாய், பி.டி.எஸ். கட்டணம் 11,610 ரூபாய் என்று ஆனது.

3 லட்சத்துக்கும் 11,610க்கும் நடுவே எத்தனை பேருடைய வாழ்க்கை இருக்கிறது என்று யோசியுங்கள். மஞ்சக்குப்பத்து அம்மாவின் வாய்க்குள் கை விட்டுப் பார்த்த அந்த இளம் மருத்துவர் எந்தச் சாதி என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. ஆனால் அந்த அம்மாவின் பேத்தி பதினோராம் வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். நீட் என்ற சுவர் இன்னும் இருக்கிறது. கட்டணம் என்ற சுவரையாவது உடைத்துக் கொடுத்தது வெயிலிலும் பனியிலும் உட்கார்ந்திருந்த அந்த மாணவர்கள்தான்.

ஒரு கதவு இன்னும் சரியாகத் திறக்கவில்லை. மாணவராக உள்ளே போகிறோம். ஆசிரியராக எத்தனை பேர் இருக்கிறோம்? அகமதுவின் வாழ்க்கை காட்டுவது அதைத்தான். பல் பிடுங்கத் தெரிந்தவர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். பாடம் நடத்தி, புத்தகம் எழுதி, இதழ் நடத்தி, சட்டம் வருவதற்குப் பாடுபட்டதால்தான் அது ஒரு துறையாக நின்றது. எது படிப்பு, யார் தகுதியானவர் என்று தீர்மானிக்கிற நாற்காலி ஆசிரியரின் நாற்காலி. சிடன்ஹாமில் அம்பேத்கர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

அதனால் மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் கல்லூரியில் துறைவாரியாகப் பட்டியல் சாதி, பழங்குடி ஆசிரியர்கள் எத்தனை பேர், நிரப்பப்படாத இடங்கள் எத்தனை என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். வரும் பதிலைப் பத்திரமாக வையுங்கள். அடுத்து என்ன செய்வது என்று சேர்ந்து உட்கார்ந்து பேசுவோம்.

அந்த அம்மாவைப் போன வாரம் பார்த்தேன். புகையிலையை விட்டுவிட்டாராம். ‘அந்தப் பாப்பா திட்டுமே’ என்றார்.

ஜெய் பீம்.