சிந்தாதிரிப்பேட்டையில் ஒல்லாந்தச் சபையின் மருத்துவக் குரு

சென்னை மாநகரின் நடுவே, கூவம் ஆற்றின் வளைவினுள் அமைந்த பழம்பகுதி சிந்தாதிரிப்பேட்டை. கி.பி. 1734ஆம் ஆண்டில், மார்ட்டன் பிட் என்பார் ஆளுநராக இருந்த காலத்தில், கிழக்கிந்தியக் கும்பினியாருக்கு வேண்டிய துணிகளை நெய்தற்பொருட்டு நெசவாளரும் நூற்போரும் ஈண்டுக் குடியேற்றப்பட்டனர். அதற்கு முன்னர் இவ்விடம் சுங்குராமச் செட்டியாரின் தோட்டமாக இருந்தது. சின்னத் தறிப்பேட்டை என்னும் பெயரே நாளடைவில் இவ்வாறு திரிந்தது என்பர். ஆதிபுரீசுவரர் கோயிலும் ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் இப்பேட்டையின் தொன்மைக்குச் சான்றாக இன்றும் விளங்குகின்றன. இந்நெசவாளர் பேட்டைக்கு 1836ஆம் ஆண்டில் ஒரு மருத்துவர் தம் குடும்பத்துடன் வந்து சேர்ந்தார். அவர் மருத்துவர் மட்டும் அல்லர், சமயகுருவும் ஆவர். ஜான் ஸ்கடர் என்பது அவர் பெயர். அமெரிக்காவிலிருந்து வந்தவராயினும், அவர் சார்ந்திருந்தது ஒல்லாந்தச் சீர்திருத்தச் சபையே.

ஒரு சமயத்தொண்டரின் வாழ்வையும் பற்றுறுதியையும் வரலாற்றில் எவ்வாறு நினைத்தல் தகும்? அவர் ஏட்டில் எழுதிச் சேர்த்த பெயர்களின் தொகையைக் கொண்டா? அன்றி, அவருக்குப்பின் நின்று நிலவும் பயனைக் கொண்டா? ஸ்கடரின் வரலாறு இவ்வினாவிற்கு விடைகாணத் துணைபுரிகின்றது. ஏனெனில், அவர் சார்ந்த அதே சபை அவருக்கு இரு நூற்றாண்டுகட்கு முன்னரே தமிழ் மண்ணிற்கு வந்திருந்தது. அஃது அரசின் துணையோடு வந்தது. இவ்விரு வருகைகளையும் ஒப்புநோக்குதலே எம் கருத்து.

முதற்கண் அச்சபையின் தோற்றத்தைச் சுருங்கக் காண்போம். ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் எழுந்த சமயச் சீர்திருத்த இயக்கத்தில், கால்வின் என்பாரின் நெறியைத் தழுவி வளர்ந்தது ஒல்லாந்தச் சபை. 1563ஆம் ஆண்டின் ஹைடல்பர்க் வினாவிடையும், 1618-19ஆம் ஆண்டுகளில் கூடிய டார்ட் நகரப் பேரவையின் முடிவுகளும் அதன் கொள்கைக்கு அடிப்படையாயின. ஒல்லாந்த வணிகர் கடல் கடந்து சென்ற இடமெல்லாம் அவர்தம் குருமாரும் சென்றனர். மேற்கே, பின்னாளில் நியூயார்க் எனப் பெயர்பெற்ற குடியிருப்பில், 1628ஆம் ஆண்டில் யோனாஸ் மிக்கேலியஸ் என்னும் குரு முதற் சபையை நிறுவினார். அவ்வூர் 1664ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைப்பட்டது; எனினும் ஒரு நூற்றாண்டுக் காலம் அங்கு ஒல்லாந்த மொழியிலேயே வழிபாடு நடைபெற்றது. 1764ஆம் ஆண்டில்தான் ஆங்கிலத்தில் மறையுரை நிகழ்த்த ஒரு குரு அமர்த்தப்பெற்றார். குடியேறிய மக்கள் தம் மொழியை இழந்த பின்னரும் தம் நெறியை விடாது காத்தனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

கிழக்கே இதே சபை பழவேற்காட்டிற்கு வந்தது. சென்னைக்கு வடக்கே அமைந்த அத்துறைமுகத்தில் ஒல்லாந்தர் 1613ஆம் ஆண்டில் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினர். அங்கு 1632 முதல் 1642 வரை குருவாக இருந்த ஆபிரகாம் ரோகேரியஸ், பதுமநாபன் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்த செய்திகளைக் கொண்டு இந்நாட்டுச் சமய வாழ்வைப் பற்றி ஒரு நூல் இயற்றினார். அவர் இறந்தபின் 1651ஆம் ஆண்டில் அது லெய்டன் நகரில் வெளிவந்தது. பர்த்ருஹரியின் நீதிமொழிகளை முதன்முதலாக ஐரோப்பியர்க்கு அறிவித்ததும் அந்நூலே. பின்னர், 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியபோது, பிலிப்பஸ் பால்டேயஸ் என்னும் இளங்குரு அங்குச் சென்றார். 1672ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்தம் பெருநூல், யாழ்ப்பாணத்துக் கோயிற்பற்றுகளையும் பள்ளிகளையும் விரித்துரைப்பதோடு, தமிழ் எழுத்துகளையும் ஐரோப்பியர் காண அச்சிட்டுக் காட்டியது.

அறிவுத்துறையில் இவ்விருவரும் ஆற்றிய பணி பெரிது. ஆயின், அவர்தம் சபை அரசின் நிழலில் வளர்ந்தது. அரசாங்க உத்தியோகம், திருமணப் பதிவு முதலியன ஞானஸ்நானத்தோடு பிணைக்கப்பட்டிருந்தமையால், பல்லாயிரவர் பெயர்கள் சபை ஏடுகளில் ஏறின. வீட்டில் தம் முன்னோர் வழிபாட்டைத் தொடர்ந்துகொண்டே ஏட்டில் மட்டும் கிறித்தவராக இருந்தோர் பலர். 1795ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அரசின் கட்டாயம் நீங்கியது. நீங்கவே, அப்பெயர்களும் விரைந்து மறைந்தன. வழிபாட்டுக் கூடங்கள் கூரையிழந்து பாழ்பட்டன.

அப்பாழ்பட்ட கூடங்களுள் ஒன்றன் அருகே வாழவே ஸ்கடர் வந்தார் என்பது வரலாற்றின் வியத்தகு ஒருமைப்பாடு. அவர் 1793ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 3ஆம் நாள் நியூஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த பிரீஹோல்டு என்னும் ஊரில் பிறந்தார். குடிவழியால் அவர் ஆங்கிலேய மரபினர். பற்றினாலேயே ஒல்லாந்தர் நிறுவிய சபைக்கு உரியவரானார். பிரின்ஸ்டன் கல்லூரியில் 1811ஆம் ஆண்டிலும் நியூயார்க் மருத்துவக் கல்லூரியில் 1813ஆம் ஆண்டிலும் பட்டம் பெற்று, அந்நகரில் மருத்துவத் தொழிலை நடத்திவந்தார். ஒருநாள் நோயாளி ஒருவரின் இல்லத்தில் காத்திருந்தபொழுது, உலகெங்கும் சமயத்தொண்டு செய்தலை வலியுறுத்தும் ஒரு சிறுநூல் அவர் கண்ணிற் பட்டது. அதனைப் படித்த அளவில் அவர் உள்ளம் திரும்பியது. 1819ஆம் ஆண்டு சூன் திங்களில் மனைவியார் ஹாரியட்டுடன் கப்பலேறினார். அக்கப்பலிலேயே மைரன் வின்சுலோவும் வந்தார். அவ்விருவரையும் அனுப்பியது, பல சபையினரும் கூடி 1810ஆம் ஆண்டில் அமைத்த அமெரிக்க மிஷன் சங்கம்.

யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் 1820ஆம் ஆண்டில் ஸ்கடர் பணி தொடங்கினார். பால்டேயஸ் தம் நூலில் குறித்த கோயிற்பற்றுகளுள் அதுவும் ஒன்று. அங்கே நோயாளரைப் பேணும் இடம் ஒன்று அமைந்தது. அவ்வாண்டிலேயே அவர் குருப்பட்டமும் பெற்றார். அமெரிக்கா அயல்நாட்டிற்கு அனுப்பிய முதல் மருத்துவத் தொண்டர் அவரே என்ப. பண்டைய குருமார்க்கு இருந்த அதிகாரம் எதுவும் இவர்க்கு இல்லை. உத்தியோகம் தரவும் இயலாது. தண்டம் விதிக்கவும் இயலாது. நோயுற்றோர்க்கு மருந்து தருதலும், கேட்போர்க்குத் தம் கொள்கையைக் கூறுதலுமே அவரால் இயன்றவை. மருந்து பெறுவோன் மதம் மாறுதல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஆதலின் வந்து சேர்ந்தோர் தொகை சிறிதாகவே இருந்தது. இளங்குழந்தைகளைப் பறிகொடுத்த துயரிலும், கொள்ளைநோய்க் காலத்திலும் அவர் தம் இடத்தை விட்டு அகலவில்லை.

தமிழில் நூல்களை அச்சிட்டுப் பரப்புதற்குச் சென்னையே தக்க இடம் என்று கருதி, 1836ஆம் ஆண்டில் ஸ்கடரும் வின்சுலோவும் இங்கு வந்தனர். சிந்தாதிரிப்பேட்டையும் இராயபுரமும் அமெரிக்க மிஷனின் நிலையங்களாயின. ஓர் அச்சகமும் விலைக்கு வாங்கப்பெற்றது. அதனைப் பொறுப்பேற்று நடத்திய ஹண்ட் என்பார் தமிழ் எழுத்துருக்களைச் சிறியனவாகவும் திருத்தமாகவும் அமைத்துத் தமிழ் அச்சுக்கலைக்கு ஏற்றம் அளித்தார். ஸ்கடரோ, சிந்தாதிரிப்பேட்டையைத் தம் இருப்பிடமாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்று துண்டுப் பிரசுரங்களை வழங்கினார். தம் வாழ்வையே ஒரு சிறுநூல் மாற்றியமையால், அச்சிட்ட தாளின் ஆற்றலில் அவர்க்கு இருந்த நம்பிக்கை அளவிறந்தது. 1842 முதல் 1846 வரை நலிவுற்ற உடலோடு அமெரிக்காவில் தங்கியபோதும், சிறுவர் சிறுமியரைக் கூட்டி இந்நாட்டுப் பணியைப் பற்றிப் பேசிவந்தார். மீண்டு வந்து சிறிது காலம் மதுரையிலும், பின்னர்ச் சென்னையிலும் உழைத்தார்.

இங்கு ஒன்றை மறைத்தல் வரலாற்று நேர்மையன்று. அக்காலத்துப் பிரசுரங்கள் பல இந்நாட்டுக் கோயில் வழிபாட்டையும் புராணங்களையும் கடுஞ்சொற்களாற் பழித்தன. ஸ்கடரின் நோக்கும் அதற்கு விலக்கன்று. மருந்து தந்த கை மென்மையுடையது. எழுதிய கை அத்தகையதன்று. தமிழரும் வாளா இருந்திலர். சென்னையில் சதுர்வேத சித்தாந்த சபையார் மறுப்புப் பிரசுரங்களை வெளியிட்டனர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து அச்சுப்பொறி வாங்கிச் சென்றார்; 1854ஆம் ஆண்டில் சைவ தூடண பரிகாரம் என்னும் மறுப்பு நூலை வெளியிட்டார். தாக்கியவரும் மறுத்தவரும் ஒருங்கே தமிழ் உரைநடையைக் கையாண்டனர். எளிய நடையில் வாதிடும் ஆற்றல் தமிழ் உரைநடைக்கு வாய்த்தமைக்கு இப்பூசலும் ஒரு காரணம் எனலாம். ஸ்கடர் எண்ணியிராத பயன் இது.

1849ஆம் ஆண்டில் ஹாரியட் அம்மையார் சென்னையில் இறந்தார். ஸ்கடரின் உடல்நலமும் குன்றியது. ஓய்வுக்காக நன்னம்பிக்கை முனைக்குச் சென்றவர், 1855ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 13ஆம் நாள் அங்கு வைன்பர்க் என்னும் ஊரில் உயிர்நீத்தார். ஒல்லாந்தர் 1652ஆம் ஆண்டில் குடியேறித் தம் சபையை நாட்டிய மண் அது. 1862ஆம் ஆண்டில் தமது பெரிய தமிழ்-ஆங்கில அகராதியை வெளியிட்ட வின்சுலோவும், 1864ஆம் ஆண்டில் தாயகம் திரும்பும் வழியில் அம்முனையிலேயே இறந்தார். இராமானுச கவிராயர் முதலிய தமிழ்ப் புலவர் துணைபுரிந்த அவ்வகராதியில் அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. ஒரே கப்பலில் வந்த இருவர்க்கும் இறுதியும் ஒரே கரையில் அமைந்தது.

ஸ்கடரின் வரலாற்றை 1870ஆம் ஆண்டில் எழுதிய வாட்டர்பெரி அவர்தம் மனைவியாரின் உடன்பிறந்தவர். உறவினர் எழுதிய நூலாதலின் அதன் புகழுரைகளை ஆராய்ந்தே கொள்ளுதல் வேண்டும். ஆயின், ஸ்கடருக்குப்பின் நிகழ்ந்தவற்றைப் புகழுரை எனத் தள்ளுதல் இயலாது. தமிழ் மண்ணில் வளர்ந்த அவர்தம் மக்கள் 1853ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு மிஷனை அமைத்தனர். ஆங்கிலப் பள்ளிகளால் மக்களை ஈர்த்தலை விடுத்து, ஊர்தோறும் சென்று மக்கள் மொழியிலேயே பேசுதலை அவர்கள் முதற் கடமையாகக் கொண்டனர். 1857ஆம் ஆண்டில் அம்மிஷன் ஒல்லாந்தச் சபையின் நேர்ப்பொறுப்பில் வந்தது. அமெரிக்கச் சபை 1867ஆம் ஆண்டில் தன் பெயரிலிருந்து ஒல்லாந்தம் என்னும் அடைமொழியை நீக்கியது. ஸ்கடரின் பேர்த்தியார் ஐடா ஸ்கடர், 1900ஆம் ஆண்டில் வேலூரில் ஒரே படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப்பணி, 1918ஆம் ஆண்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக விரிந்து, இன்று நாடறிந்த பெருமருத்துவமனையாகவும் கல்லூரியாகவும் விளங்குகின்றது.

சிந்தாதிரிப்பேட்டையில் அமெரிக்க மிஷன் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1847ஆம் ஆண்டில் எழுந்த சீயோன் ஆலயம் பின்னர் ஆங்கிலச் சங்கத்தார் பொறுப்பிற்கு மாறியது. சத்தியநாதன் என்னும் தமிழ்க் குருவின் தொண்டினாற் சிறப்புற்றது. 1947ஆம் ஆண்டில் தென்னிந்தியத் திருச்சபை அமைந்தபோது, சென்னைச் சபைகளும் ஆர்க்காட்டுச் சபைகளும் அதில் ஒன்றுபட்டன. ஒல்லாந்தம் என்னும் பெயர் தமிழ்நாட்டுச் சபை வழக்கில் மறைந்தது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். ஒல்லாந்தச் சபையின் முதல் வருகையில் அரசு சேர்த்த பெயர்கள் அரசோடு அழிந்தன. ரோகேரியஸும் பால்டேயஸும் இந்நாட்டு மக்களைக் கேட்டும் கண்டும் எழுதியவையே நின்றன. இரண்டாம் வருகையில் சேர்ந்த பெயர்கள் சிலவே. மருத்துவமும் அச்சும் அகராதியும் நின்றன. இரு காலத்தும் நிலைபெற்றவை யாவும் இம்மண்ணின் மக்களோடு கூடிச் செய்தவை என்பது தெளிவு. ஸ்கடரின் கொள்கையை ஏற்போரும் மறுப்போரும் அவரை இவ்வளவையாலேயே நினைத்தல் தகும். தம் நெறியில் அவர்க்கு இருந்த உறுதி கடுஞ்சொல்லாகவும் வெளிப்பட்டது. நோயாளியின் பக்கலில் இரவு பகலாக நின்ற பொறுமையாகவும் வெளிப்பட்டது. கடுஞ்சொல்லுக்குத் தமிழர் அன்றே விடையளித்துவிட்டனர். பொறுமையின் பயனை இன்றும் துய்க்கின்றனர்.