எடுக்கத் தேவையில்லாத கட்டி

தாயின் வயிற்றில் கரு எட்டு வாரத்தைக் கடக்கும்போது, வளர்ந்துவரும் மூளையைச் சுற்றி மெல்லிய உறைத்திசு ஒன்று இருக்கும். மெனின்க்ஸ் பிரிமிடிவா என்று அதற்குப் பெயர். அடுத்த சில வாரங்களில் அது கரைந்து வழிவிடும். அந்த இடத்தில் மூளைநீர் ஓடும் வெளிகள் உருவாகும். அபூர்வமாகச் சில கருக்களில் ஒரு துண்டு மட்டும் கரையாமல் நின்று கொழுப்பாக மாறிவிடுகிறது. மூளைக்குள் இருக்கும் கொழுப்புக் கட்டியான லிப்போமாவின் பிறப்பு இதுதான் என்று 1990-ல் சார்லஸ் ட்ரூவிட், ஜேம்ஸ் பார்கோவிச் என்ற இரு கதிரியக்க மருத்துவர்கள், 42 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டு விளக்கினார்கள். இன்று பரவலாக ஏற்கப்படுவது அந்த விளக்கமே.

அந்தக் கொழுப்பு புற்றாக மாறுவதில்லை. மூளைக்கட்டிகள் ஆயிரத்தை எடுத்தால் இது ஐந்தைத் தாண்டாது. இவற்றில் ஏறக்குறைய பாதி, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்தை ஒட்டியே இருக்கும். சிலருக்கு அது கார்பஸ் கலோசத்தின் பின்புறத்தில் மெல்லிய வளைகோடாகப் படிந்திருக்கும். சிலருக்கு முன்புறத்தில் தடித்த உருண்டையாக இருக்கும். உருண்டையாக இருந்தால், அந்த இணைப்பே முழுதாக உருவாகாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். மூளை உருவாகும் நாளிலேயே இதுவும் உருவாவதால், ரத்தக்குழாய்களும் நரம்புகளும் இதன் ஊடாகவே வளர்ந்திருக்கும். அவற்றைக் காயப்படுத்தாமல் கொழுப்பை மட்டும் பிரித்தெடுப்பது மிகக் கடினம். இதன் பிற்காலம் முழுவதையும் தீர்மானிப்பது இந்த ஒரு விஷயம்தான்.

மருத்துவ உலகம் இதை முதலில் பார்த்தது பிரேதப் பரிசோதனை மேசையில். கார்பஸ் கலோசத்து லிப்போமாவை 1856-ல் வியன்னாவின் கார்ல் ரோகிடான்ஸ்கி விவரித்தார். அதன் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு, ஒருவர் இறந்தால்தான் அவர் தலையில் இப்படி ஒன்று இருந்தது தெரியவரும்.

1895-ல் ராண்ட்கன் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடித்தார். சில ஆண்டுகளுக்குள்ளேயே கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் தாமே ஒரு கருவியை அமைத்து, மருத்துவர் நீல்ரதன் சர்க்காரின் நோயாளிகளுக்குப் படம் எடுக்க உதவினார். ஆனால் எக்ஸ்-ரேக்கு எலும்புதான் தெளிவாகத் தெரியும், மூளை தெரியாது. உயிரோடிருக்கும் ஒருவரிடம் இந்தக் கட்டியை எக்ஸ்-ரே கொண்டு முதலில் கண்டுசொன்னவர் பாஸ்டனின் மெரில் சோஸ்மன், ஆண்டு 1939. கொழுப்பு இருக்கும் இடம் சற்றே கறுத்தும், அதன் இரு ஓரங்களில் சுண்ணாம்பு படிந்த வளைவுகள் அடைப்புக்குறி போல வெளுத்தும் தெரிந்தால் இந்தக் கட்டியை அடையாளம் காணலாம். சுண்ணாம்பு படியாத கட்டிகள் அப்போதும் கண்ணில் படவில்லை.

1971 அக்டோபர் 1-ம் தேதி லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சி.டி. ஸ்கேனரில் முதல் நோயாளியின் மூளை படமானது. கறுப்பு வெளுப்பு என்று கண்ணால் மதிப்பிட்டது போய், ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கிடைத்தது. தண்ணீருக்குப் பூஜ்யம், காற்றுக்கு மைனஸ் 1000, மூளைத்திசுவுக்கு ஏறக்குறைய 30 முதல் 40. கொழுப்பு தண்ணீருக்கும் கீழே, மைனஸ் 50-க்கும் மைனஸ் 100-க்கும் இடையில் நிற்கும். அந்த எண்தான் லிப்போமாவின் முகவரி.

அதன் பயன் பெரிது. கொல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் தொழிலாளி ஒருவருக்குத் தலையில் அடிபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஊரார் பி.ஜி. என்று அழைக்கும் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையும் அதைச் சேர்ந்த பாங்கூர் நரம்பியல் நிலையமும் அங்கிருந்து அதிக தூரமில்லை. ஸ்கேனில் முதலில் தேடுவது ரத்தக்கசிவை. அது வெளுப்பாகத் தெரியும். இவர் படத்தில் ரத்தம் இல்லை. நடுக்கோட்டில் கறுப்பாக ஏதோ இருக்கிறது. மூளையைப் பார்க்க வைத்திருக்கும் விண்டோ என்ற கறுப்பு-வெளுப்பு வரம்பில் காற்றும் கறுப்பு, கொழுப்பும் கறுப்பு. அடிபட்ட தலைக்குள் காற்று என்றால் மண்டையோடு எங்கோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். ஆகவே விண்டோவை அகலப்படுத்தி, கர்சரை அதன்மேல் வைத்து எண்ணைப் படிக்க வேண்டும். மைனஸ் 90 என்று காட்டினால், விபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர் பிறந்த நாள் முதல் அது அங்கேயே இருந்திருக்கிறது.

எம்.ஆர்.ஐ. இன்னும் ஓர் அடி முன்னே போகிறது. அதன் டி1 என்னும் வகைப் படத்தில் கொழுப்பு பளிச்சென்று வெளுக்கும். ஆனால் சில நாள் பழகிய ரத்தமும், புரதம் மிகுந்த நீர்க்கட்டியும் அதே மாதிரி வெளுக்கக்கூடும். இங்கே உதவுவது கொழுப்பின் இயற்பியல். கொழுப்பில் உள்ள ஹைட்ரஜன், நீரில் உள்ள ஹைட்ரஜனைவிட மிகச் சற்றே மெதுவாகச் சுழல்கிறது, 1.5 டெஸ்லா காந்தத்தில் அந்த வித்தியாசம் வினாடிக்கு ஏறக்குறைய 220 சுற்று. அதைக் கொண்டு கொழுப்பையும் நீரையும் தனித்தனிப் படமாகப் பிரிக்கலாம் என்று 1984-ல் டிக்சன் என்ற ஆய்வாளர் காட்டினார். கொழுப்பின் சமிக்ஞையை மட்டும் அடக்கி எடுக்கும் படங்களும் வந்தன. அப்படி எடுத்த படத்தில் வெளுப்பு மறைந்து கறுத்தால் அது கொழுப்பு. வெளுப்பு அப்படியே நின்றால் வேறு ஏதோ.

கொழுப்பு என்று உறுதியானாலும் வேலை முடிந்துவிடாது. டெர்மாய்டு கட்டியிலும் கொழுப்பு உண்டு. அது வெடித்தால் துளிகள் மூளைநீரில் சிதறி, உறைகளில் அழற்சி வரும். டெரட்டோமாவில் கொழுப்போடு பிற திசுக்களும் கலந்திருக்கும். லிப்போமா ஒரே சீராக இருக்கும். திசுவைப் படத்தில் வெளுக்க வைக்கும் ஊசிமருந்து கொடுத்தாலும் புதிதாக வெளுக்காது. காது நரம்பின் அருகே இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். மருந்து ஏற்றிய பிறகு எடுத்த படத்தை மட்டும் பார்த்தால், இயல்பாகவே வெளுத்திருக்கும் லிப்போமா, மருந்தை வாங்கி வெளுக்கும் நரம்புறைக் கட்டியான ஷ்வானோமா போலத் தோன்றும். ஷ்வானோமாவை எடுக்க நினைப்பது நியாயம். லிப்போமாவை எடுக்கப்போனால் அதனூடே ஓடும் நரம்பு சேதமாகி, கேட்கும் திறனே போகலாம். மருந்துக்கு முன் எடுக்கும் ஒரு டி1 படம் அந்தக் காதைக் காப்பாற்றும்.

லிப்போமா உள்ளவர்களில் பலருக்கு ஆயுள் முழுக்க எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை. வலிப்பு வந்தால் மாத்திரையால் கட்டுப்படுத்தப் பார்ப்பார்கள். மூளைநீர் அடைபட்டுத் தேங்கினால், கட்டியைத் தொடாமல் நீரை வடிக்க மட்டும் வழி செய்வார்கள். மூளைக்கட்டிகள் பலவற்றில், துண்டெடுத்து நுண்ணோக்கியில் பார்த்த பிறகே முடிவு சொல்ல முடியும். இங்கே அநேகமாகப் படமே முடிவைச் சொல்லிவிடுகிறது.

ஆகவே ரிப்போர்ட்டில் லிப்போமா என்ற சொல்லைப் பார்த்ததும் அறுவைக்குத் தேதி கேட்டு ஓட வேண்டாம். நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, தலைவலிக்காக ஸ்கேன் எடுத்திருந்தால் அதற்கு இதுதான் காரணமா என்று கேளுங்கள். பெரும்பாலும் காரணம் வேறாகவே இருக்கும். பிலிமையும் குறுந்தகட்டையும் பத்திரமாக வையுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில், வேறு மருத்துவர் முன் உட்காரும்போது, இது அன்றும் இதே அளவில்தான் இருந்தது என்று காட்ட அந்தப் பழைய படத்தைவிட வலுவான சாட்சி கிடையாது.