பனிக்கண்டமும் மலேசியப் பல்கலைக்கழகங்களும்

உலகப் படத்தின் அடியோரத்தில் வெண்மையாகத் தீட்டப்பெற்றிருக்கும் அண்டார்க்டிகா, மாணவர் கண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு வெற்றிடமாகவே தோன்றும். ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் சதுரக் கிலோமீட்டர் பரப்புடைய அக்கண்டம், உலகப் பனிக்கட்டியில் பத்தில் ஒன்பது பங்கைத் தன்பாற் கொண்டது. அங்கே நிலையான குடிமக்கள் இலர், விளைநிலம் இல்லை. ஆயினும், அந்நிலம் யாருக்கு உரியது என்னும் வழக்கு மட்டும் நெடுங்காலமாக உண்டு. நிலநடுக்கோட்டை அடுத்து வாழும் மலேசியா அவ்வழக்கில் எவ்வாறு நுழைந்தது என்பதும், அரசியல் மேடையில் தொடங்கிய அம்முயற்சி எவ்வாறு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தைச் சென்றடைந்தது என்பதும் ஆசிரியரும் மாணவரும் அறியத்தக்க வரலாறாகும்.

ஒப்பந்தத்தின் தோற்றம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரிட்டன், பிரான்ஸ், நார்வே, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அர்ஜென்டினா, சிலி ஆகிய ஏழு நாடுகள் பனிக்கண்டத்தில் தத்தமக்கெனப் பகுதிகளைக் கோரின. பிரிட்டன், அர்ஜென்டினா, சிலி ஆகிய மூன்றின் கோரிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து பூசலை வளர்த்தன. அப்பூசலைத் தணித்த பெருமை அறிவியலுக்கு உரியது. 1957, 1958ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற அனைத்துலகப் புவி இயற்பியல் ஆண்டின்போது பன்னிரண்டு நாடுகளின் அறிஞர்கள் அங்கே ஒத்துழைத்தனர். அந்தப் பன்னிரு நாடுகளே 1959 டிசம்பர் 1ஆம் நாள் வாஷிங்டனில் அண்டார்க்டிக் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. 1961இல் நடைமுறைக்கு வந்த அவ்வொப்பந்தம் போர்ச் செயல்களை விலக்கியது. ஆய்வுச் சுதந்திரத்தை உறுதி செய்தது. நிலக் கோரிக்கைகளை இருந்த நிலையிலேயே நிறுத்திவைத்தது.

எனினும், அதில் ஒரு நிபந்தனையும் உண்டு. பின்னர்ச் சேரும் நாடு, அங்கே குறிப்பிடத்தக்க ஆய்வு நடத்தினாலன்றி முடிவெடுக்கும் உரிமையைப் பெற இயலாது. ஆய்வு நிலையம் அமைத்தலோ ஆய்வுக்குழு அனுப்புதலோ அதற்குச் சான்றாகும். செல்வ நாடுகளுக்கு இஃது எளிது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்கோ இஃது ஓர் உயர்ந்த மதிலாயிற்று.

மலேசியா எழுப்பிய வினா

1982இல் ஒப்பந்த நாடுகள் பனிக்கண்டத்தின் கனிவளம் குறித்துப் பேச்சுவார்த்தையைத் தொடங்கின. அவ்வாண்டு செப்டம்பரில் அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் முகமது ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் உரையாற்றினார். குடிமக்கள் அற்ற நிலம் கண்டறிந்தவர்க்கு மட்டும் உரியதன்று, உலகுக்கே பொதுவானது என்பது அவர்தம் வாதம். ஆழ்கடல் மனித இனத்தின் பொதுச்சொத்து என்னும் கருத்து உலகில் வலுப்பெற்றிருந்த காலம் அது. 1983இல் மலேசியாவும் ஆன்டிகுவா பார்புடாவும் கேட்டுக்கொண்டதன் பேரில் அண்டார்க்டிகா பற்றிய வினா பொதுச்சபையின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெற்றது. பின்வந்த ஆண்டுகளில் ஒப்பந்த நாடுகளுட் பல வாக்கெடுப்பில் கலந்துகொள்ள மறுத்தன. வழக்கு முடிவின்றி நீண்டது.

இதனிடையே 1988இல் உருவான கனிவள உடன்படிக்கையை ஆஸ்திரேலியாவும் பிரான்சும் ஏற்க மறுத்தமையால் அது நடைமுறைக்கு வரவில்லை. 1991இல் மாட்ரிட் நகரில் கையொப்பமான சுற்றுச்சூழல் உடன்படிக்கை, அங்கே கனி அகழ்தலைத் தடை செய்தது. அஃது 1998இல் நடைமுறைக்கு வந்தது.

அரசும் பல்கலைக்கழகமும் கைகோத்தல்

வெளியே நின்று வாதிடுவதினும் உள்ளே சென்று அறிவால் உரிமை பெறுதல் நன்று என்னும் எண்ணம் மலேசியாவில் வளர்ந்தது. 1997இல் அரசு அண்டார்க்டிக் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கி, அதன் பொறுப்பை மலேசிய அறிவியல் கழகத்திடம் ஒப்படைத்தது. பனிக்கப்பலோ சொந்த நிலையமோ இல்லாத நாட்டுக்கு நியூசிலாந்து கைகொடுத்தது. 1999இல் மலேசிய ஆய்வாளர்கள் அதன் ஸ்காட் தளத்துக்குச் சென்றனர். 2002இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசிய அண்டார்க்டிக் ஆய்வு மையம் நிறுவப்பெற்றது. இவ்வாறு அரசு பொருளையும் நட்புறவையும் தேடித் தந்தது. பல்கலைக்கழகங்கள் ஆளையும் அறிவையும் தந்தன.

2011 அக்டோபரில் மலேசியா அண்டார்க்டிக் ஒப்பந்தத்தில் இணைந்தது. மறு ஆண்டில் சுல்தான் மிசான் அண்டார்க்டிக் ஆய்வு அறநிறுவனம் தோன்றி, ஆய்வாளர்க்குப் பொருளுதவி வழங்கலாயிற்று. 2016இல் அனைத்துலக அண்டார்க்டிக் அறிஞர் மாநாடு கோலாலம்பூரில் கூடியது.

வெப்ப நாட்டுக்கு என்ன பயன்?

பனிக்கண்டத்தோடு வெப்ப நாட்டுக்கு என்ன உறவு என வினவுவோர் உளர். அங்குள்ள பனி உருகினால் உயர்வது எல்லா நாட்டுக் கடலுமே. காற்றும் கடல் நீரோட்டமும் முனைகளையும் வெப்ப மண்டலத்தையும் பிணைக்கின்றன. ஆதலின், மலேசிய அறிஞர்கள் வானிலையையும், குளிரில் வாழும் பாசிகளையும் நுண்ணுயிர்களையும் ஆராய்ந்துள்ளனர். ஆஸ்திரேலியாவின் கேசி நிலையத்தருகே கடற்பனியிலிருந்து எடுத்த ஈஸ்ட் வகை நுண்பூஞ்சை ஒன்றின் மரபுத்தொகுதியை அவர்கள் படித்தறிந்தனர். நீர் உறைதலைத் தடுக்கும் புரதங்களும், குளிரிலும் தொழிற்படும் நொதிகளும் அச்சிற்றுயிரிடம் உள்ளன.

பொறுமையான ஆய்வின் ஆற்றலுக்கு மற்றொரு சான்றும் உண்டு. பிரிட்டனின் ஹாலி நிலையத்தில் 1950களிலிருந்து ஆண்டுதோறும் ஓசோன் அளவிடப்பட்டு வந்தது. அவ்வளவுகளைக் கொண்டே 1985இல் பார்மன், கார்டினர், ஷாங்க்லின் ஆகிய மூவர் ஓசோன் படலத்தின் பெருங்குறைவை உலகுக்கு அறிவித்தனர். இரண்டே ஆண்டுகளில் மாண்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது. அரசு தளராது பொருள் நல்கியது. அறிஞர் சலியாது அளந்தனர். உலகம் பயன் பெற்றது.

மலேசியா ஒப்பந்தத்தில் இணைந்ததாலேயே அதற்கு முடிவெடுக்கும் உரிமை கிட்டிவிடவில்லை. கூட்டத்தில் அமரலாம், வாக்களித்தல் இயலாது. அந்த மதிலைக் கடக்கும் ஏணி தொடர்ந்த ஆய்வு ஒன்றே. இதனைச் சிலர் 1982இன் குரலுக்கு நேர்ந்த தோல்வி எனக் கருதக்கூடும். அது பொருந்தாது. நீதி கேட்டு எழுந்த அக்குரல், தன்னை மெய்ப்பிக்கும் தகுதியைத் தேடிச் சென்றது என்பதே வரலாறு காட்டும் உண்மை. உரிமையை உரத்துக் கேட்டலும் வேண்டும். அதனைத் தாங்கும் அறிவை உழைத்து ஈட்டலும் வேண்டும். இன்றைய வகுப்பறையில் அறிவியல் பயிலும் பிள்ளைகளே நாளை அவ்வறிவை ஈட்ட வேண்டியவர்கள்.