தொடர் மன அழுத்தமும் மூளை ஏற்பிகளும்

ஏற்பி என்பது ஹார்மோனைப் பற்றிக்கொண்டு உயிரணுவை இயக்கும் புரதம். 1968இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்யூவன் குழுவினர், அழுத்த ஹார்மோனான கார்ட்டிகோஸ்டிரோன் எலி மூளையில் நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியில் தங்குவதைக் கண்டறிந்தனர். அங்குள்ள ஏற்பிகள் அந்த ஹார்மோன் சுரப்புக்கே கடிவாளமாக உள்ளன. தொடர் அழுத்தம் இந்த ஏற்பிகளைக் குறைத்து, ஹார்மோனுக்கு மூளையின் உணர்திறனை மழுங்கச் செய்வதை 1984இல் ராபர்ட் சபோல்ஸ்கி, மெக்யூவன் உள்ளிட்டோர் காட்டினர். இதனால் அழுத்தம் நீங்கிய பின்னும் சுரப்பு நீடித்தது. ஏற்பிகள் மீண்டதும் சீரானது.

எல்லா மாற்றமும் இவ்வாறு மீள்வதில்லை. 2002இல் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜி குழுவினர், தொடர் அழுத்தத்தால் ஹிப்போகாம்பஸில் நரம்பணுக் கிளைகள் சுருங்குவதையும், அச்சத்துக்குரிய அமிக்டலாவில் அவை வளர்வதையும் கண்டனர். 21 நாள் ஓய்வுக்குப் பிறகும் அமிக்டலாவின் மாற்றமும் எலிகளின் பதற்றமும் மறையவில்லை என 2004இல் அறிவித்தனர்.