மாதவிலக்கு தள்ளிப் போகிறதா? கல்யாணம் வரை காத்திருக்க வேண்டாம்

மாதவிலக்கு மூன்று நான்கு மாதங்கள் வராமல் போனாலும், "கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி விட்டுவிடும் பழக்கம் தமிழ்க் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. கல்யாணமாகி ஓரிரு ஆண்டுகள் குழந்தை இல்லை என்ற பிறகே பல பெண்கள் மருத்துவரிடம் செல்கின்றனர். பிசிஓஎஸ் என்ற பெயரையும் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கின்றனர்.

பிசிஓஎஸ் குழந்தைப் பேற்றோடு மட்டும் சம்பந்தப்பட்டதல்ல. இனிப்புநீர், இரத்த அழுத்தம், கருப்பையின் நலம், மனநலம் ஆகியவற்றையும் இது பாதிக்கும். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் 10 முதல் 13 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 70 விழுக்காடு வரையிலானோருக்கு அது இருப்பதே தெரியாது.

'நீர்க்கட்டி' என்ற பெயர் தரும் பயம்

தமிழில் இதைச் சினைப்பை நீர்க்கட்டி என்கிறார்கள். கட்டி என்றதும் புற்றுநோயோ, ஆப்பரேஷன் செய்ய வேண்டுமோ என்று பலர் பயந்துவிடுகின்றனர். ஸ்கேனில் தெரிபவை உண்மையில் கட்டிகள் அல்ல. முழுமையாக வளராமல் பாதியில் நின்றுபோன சிறு முட்டைப் பைகள் அவை. அவற்றை வெட்டி எடுக்க வேண்டியதில்லை.

உடலில் என்ன நடக்கிறது?

இந்தப் பிரச்சினை உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதை ஈடுகட்ட உடல் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. அது சினைப்பையைத் தூண்ட, ஆண் ஹார்மோன் அளவு கூடுகிறது. அதனால் முட்டை முதிர்ந்து வெளியேறுவது தடைபட்டு, மாதவிலக்கு தள்ளிப் போகிறது.

மாதவிலக்கு வராத மாதங்களில் கருப்பையின் உட்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போகும். இது பல ஆண்டுகள் நீடித்தால் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு கூடும். கல்யாணம் ஆகாத பெண்ணும் இதைக் கவனிக்க வேண்டியதன் காரணம் இதுவே.

மலேசியாவில் இன்னொரு காரணமும் உண்டு. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிய வந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். பெற்றோருக்கு இனிப்புநீர் இருந்து மகளுக்கு மாதவிலக்கு ஒழுங்கில்லை என்றால் கூடுதல் கவனம் தேவை.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

* மாதவிலக்கு 35 நாள்களுக்கு மேல் தள்ளிப் போவது, அல்லது ஆண்டுக்கு 8 முறைக்கும் குறைவாக வருவது
* முகவாய், மேலுதடு, மார்பு, வயிறு ஆகிய இடங்களில் தடித்த முடி வளர்வது
* குறையாத முகப்பரு, உச்சந்தலையில் முடி மெலிவது
* இடுப்பைச் சுற்றி எடை கூடுவது
* கழுத்து, அக்குள் பகுதிகளில் தோல் கறுத்துத் தடிப்பது

கழுத்துக் கறுப்பை அழுக்கு என்று நினைத்து மஞ்சள், எலுமிச்சை போட்டுத் தேய்ப்பார்கள். அது தேய்த்தால் போகாது; இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. ஒல்லியான பெண்களுக்கும் பிசிஓஎஸ் வரலாம்.

வயதுக்கு வந்த முதல் ஆண்டில் மாதவிலக்கு முன்பின்னாக வருவது இயல்பு. அதன் பிறகு 90 நாள்களுக்கு மேல் வராமல் இருந்தாலோ, 15 வயதாகியும் பெண் வயதுக்கு வராமல் இருந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எப்படி உறுதி செய்கிறார்கள்?

ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் பெரியவர்களுக்கு பிசிஓஎஸ் என்று முடிவு செய்வார்கள். பதின்ம வயதினருக்கு ஸ்கேனை வைத்து முடிவு செய்வதில்லை. தைராய்டு, புரோலாக்டின் கோளாறுகளும் மாதவிலக்கைப் பாதிக்கும் என்பதால் அவற்றுக்கும் இரத்தப் பரிசோதனை செய்வார்கள். சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

உள்வழி ஸ்கேன் செய்வார்களோ என்று கல்யாணம் ஆகாத பெண்கள் தயங்கத் தேவையில்லை. வயிற்றின் மேலிருந்தே ஸ்கேன் எடுக்க முடியும்.

சிகிச்சை

பிசிஓஎஸ் முழுமையாக நீங்கிவிடும் நோயல்ல. ஆனால் கட்டுப்பாட்டில் வைக்க முடியும். மாதவிலக்கை ஒழுங்குபடுத்தவும் கருப்பையைப் பாதுகாக்கவும் ஹார்மோன் மாத்திரைகள் தரப்படும். கருத்தடை மாத்திரை கொடுத்தால் பின்னாளில் குழந்தை பிறக்காது என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. இரத்த அழுத்தம், கடும் ஒற்றைத் தலைவலி, இரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இனிப்புநீருக்குக் கொடுக்கும் மெட்ஃபோர்மின் மாத்திரையையும் மருத்துவர் எழுதித் தரலாம். அதனால் இனிப்புநீர் வந்துவிட்டது என்று பொருளல்ல. குழந்தை வேண்டும் என்போருக்கு முட்டை வெளிவர உதவும் லெட்ரோசோல் போன்ற மருந்துகள் உள்ளன. பிசிஓஎஸ் உள்ள பல பெண்கள் தாயாகியுள்ளனர்.

உணவும் உடற்பயிற்சியும்

பிசிஓஎஸ்ஸுக்கென்று தனி உணவு முறை எதுவும் இல்லை. சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' தட்டு முறையே போதும். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, பாதித் தட்டு காய்கறி, பழம். தே தாரிக், மைலோ, சிராப் பண்டோங் ஆகியவற்றில் சேரும் சர்க்கரையும் கெட்டிப் பாலும் கணக்கில் வராமல் போகின்றன. முதலில் அவற்றைக் குறைக்கலாம்.

வாரத்துக்கு 150 நிமிட வேக நடையும், இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் நல்லது. எடை அதிகம் உள்ளவர்கள் 5 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே, அதாவது 80 கிலோ உள்ளவர் 4 முதல் 8 கிலோ குறைத்தாலே, பலருக்கு மாதவிலக்கு சீராகத் தொடங்கும். நாட்டு மருந்தோ ஜாமுவோ சாப்பிட்டால் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

மனச்சோர்வும் பதற்றமும் இவர்களிடம் அதிகம். "இன்னும் விசேஷம் இல்லையா?" என்ற கேள்வியும், முகத்தில் முடி இருப்பதைக் கேலி செய்வதும் அதை மேலும் கூட்டும்.

கிளினிக்குச் செல்லும் முன்

அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் தொடங்கலாம். குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். தேவைப்பட்டால் அங்கிருந்தே நிபுணரிடம் அனுப்புவார்கள். கடந்த 6 மாதங்களில் மாதவிலக்கு வந்த தேதிகள், சாப்பிடும் மருந்துகள், குடும்பத்தில் யாருக்கெல்லாம் இனிப்புநீர் உள்ளது என்ற விவரம் ஆகியவற்றை எழுதி எடுத்துச் செல்வது நல்லது. மகளுடன் தாயும் சென்றால், கூச்சம் பாதி குறையும்.