பழி சுமந்த தாய்மார்: குழந்தைகளின் ஆஸ்துமா வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

குழந்தைகளின் ஆஸ்துமா குறித்த மருத்துவ வரலாறு, பெருமளவில், நோய்க்கு யார் பொறுப்பு எனத் தேடிய வரலாறாகவும் இருக்கிறது.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உளப்பகுப்பாய்வின் செல்வாக்கு ஓங்கியிருந்தது. தாயைப் பிரிய நேருமோ என்ற அச்சத்தில் அடக்கப்பட்ட அழுகையே இழைப்பாக வெளிப்படுகிறது என ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் போன்றோர் விளக்கினர். இத்தகைய சிந்தனையின் நடைமுறை விளைவை அமெரிக்காவின் டென்வர் நகரில் காணலாம். ஆஸ்துமாக் குழந்தைகளுக்கென அங்கு இயங்கிய இல்லத்தில் சிறுவர்கள் இரண்டாண்டுகள் வரை பெற்றோரைப் பிரிந்து வாழ்ந்தனர். மருத்துவர் மரி பெஷ்கின் இம்முறைக்குப் 'பேரன்டெக்டமி' எனப் பெயரிட்டார். அறுவை மருத்துவச் சொல்லாக்கத்தைப் பின்பற்றிய அப்பெயருக்கு, பெற்றோரை அகற்றுதல் என்பது பொருள்.

பலருக்கு நோய் தணிந்தது உண்மை. ஆனால் வீட்டைவிட்டு நீங்கிய குழந்தை, தாயோடு படுக்கை, கம்பளம், வளர்ப்பு விலங்கு ஆகியவற்றையும் நீங்கியிருந்தது. 1960களில் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள், வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணி முக்கிய ஒவ்வாமைக் காரணி எனக் காட்டினர். டென்வரின் உயர்ந்த, வறண்ட நிலத்தில் அவ்வுண்ணி பெருகுவது அரிது.

கோட்பாடுகள் குழந்தையின் மனத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஒரு குழந்தை தன் அன்றாடச் சிரமத்தைப் பேசியது. 1955இல், கையால் அழுத்தும் கண்ணாடிக் கருவியோடு அல்லலுற்ற 13 வயதுச் சூசி மேசன், தலைமுடித் தெளிப்பானைப் போல் தன் மருந்தும் ஏன் டப்பியில் வரக்கூடாது எனத் தந்தையிடம் கேட்டாள். அவர் ரைக்கர் மருந்து நிறுவனத்தின் தலைவர். மறு ஆண்டே அளவிட்டு மருந்து தரும் முதல் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. மருந்தைப் பையில் எடுத்துச் செல்வது அதன்பின் எளிதாயிற்று.

லண்டனில் போக்குவரத்து மிகுந்த சாலையருகே வாழ்ந்த எலா கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமி, கடும் ஆஸ்துமாவால் 2013இல் 9 வயதில் இறந்தாள். தாய் ரோசமண்டின் நெடிய போராட்டத்திற்குப் பின், அம்மரணத்தில் காற்று மாசுக்குப் பங்குண்டு என 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு செய்தார். முன்பு காரணமெனக் கருதப்பட்ட தாயே இங்கு காரணத்தை வெளிக்கொணர்ந்தார்.

2019 நவம்பரில் மாசு மிகுந்ததால் டெல்லியில் பள்ளிகள் மூடப்பட்டன. அன்று வீட்டிலிருந்து பிரிக்கப்பட்ட குழந்தை, இன்று பள்ளியிலிருந்து பிரிக்கப்படுகிறது. இடம்பெயரும் கடமை இன்னும் குழந்தைக்கே உரியதாக இருக்கிறது. காற்றைச் சீராக்கும் கடமை யாருக்குரியது என்பதே இவ்வரலாறு எழுப்பும் வினா.