கார் சாயம் உரியாமல் சின்னத்தையும் பசையையும் அகற்றுவது எப்படி?

காரின் பின்புறம் உள்ள மாடல் எழுத்துகள், கார் விற்பனை நிறுவனம் ஒட்டிய ஸ்டிக்கர், ஆகஸ்டு மாதம் ஒட்டிய ஜாலோர் கெமிலாங் ஆகியவற்றைப் பின்னர் அகற்ற நினைப்பவர்கள் பலர். பொறுமையாகச் செய்தால் இது வீட்டிலேயே முடிகிற வேலை. அவசரப்பட்டுச் சுரண்டினால், பட்டறையில் மீண்டும் சாயம் பூச வேண்டியிருக்கும்.

காரின் தகட்டின் மீதுள்ள சாய அடுக்குகள் அனைத்தையும் சேர்த்தாலும் தடிமன் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். பளபளப்பைத் தரும் மேல் அடுக்கான கிளியர் கோட், ஒரு தலைமுடியை விட மெல்லியது. கத்தி அதைத் தாண்டிக் கீறிவிட்டால், பாலிஷ் போட்டாலும் கோடு மறையாது.

தொடங்கும் முன்

சில சின்னங்கள் பசையால் மட்டுமின்றி, தகட்டில் உள்ள துளைகளில் செருகிய ஊசிகளாலும் நிற்கின்றன. அவற்றை எடுத்தால் துளை வழியே மழைநீர் புகுந்து துருப்பிடிக்கும். பூட் மூடியின் உட்புறத்தைப் பார்த்தால் துளை இருக்கிறதா என்பது தெரியும். சில புதிய கார்களில் முன்புறச் சின்னத்தின் பின்னால் ரேடார் உணரி இருப்பதால், அதைத் தொடாமல் விடுவதே நல்லது. விபத்துக்குப் பிறகு சாயம் பூசிய பகுதியில், பசையோடு சாயமும் உரிந்து வரக்கூடும்.

சின்னத்தைக் கழற்றுதல்

காரை நிழலில் நிறுத்தி, அந்த இடத்தை ஷாம்பூ போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். மணல் துகள் இருந்தால் அதுவே சாயத்தைக் கீறும். பிறகு ஹேர் டிரையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓரிரு நிமிடம் சூடேற்றினால் பசை இளகும். பட்டறையில் பயன்படுத்தும் ஹீட் கன் வேண்டாம். சாயம் கொப்பளிக்கலாம், பிளாஸ்டிக் பம்பர் வளையலாம்.

பசை இளகியதும், தூண்டில் நைலான் நூலைச் சின்னத்தின் பின்னால் விட்டு, ரம்பம்போல் முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். நூல் நகராவிட்டால் மீண்டும் சூடேற்ற வேண்டும். ஸ்டிக்கர் என்றால், ஒரு மூலையை நகத்தால் தூக்கி, மெதுவாக மடக்கி உரிக்கலாம்.

எஞ்சிய பசை

தடித்த பசையைக் கட்டைவிரலால் உருட்டினாலே பெரும்பகுதி வந்துவிடும். ஹேர் டிரையரை அணைத்து, தகடு ஆறிய பின்னரே திரவங்களைப் பயன்படுத்த வேண்டும். இவை எளிதில் தீப்பற்றுபவை. மெல்லிய பசைக்கு மருந்தகத்தில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும். பிடிவாதமான பசைக்குக் கார் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் தார் நீக்கியைப் பயன்படுத்தலாம். முதலில் கண்ணில் படாத ஓரத்தில் சோதித்து, மென்மையான துணியில் நனைத்துச் சில நொடிகள் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். தின்னர், நகப்பூச்சு நீக்கி, பெட்ரோல், பாத்திரம் தேய்க்கும் நார் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

நிழல்போல் தெரியும் தடம்

பசை போன பிறகும் எழுத்தின் வடிவம் தெரிந்தால், அது அழுக்கன்று. சுற்றியுள்ள சாயம் வெயிலில் மங்கியிருக்க, சின்னத்தின் அடியில் இருந்த பகுதி மட்டும் புதிதாகவே இருக்கிறது. மென்மையான பாலிஷ் போட்டு மெழுகு பூசினால் வித்தியாசம் குறையும். பல ஆண்டுகள் வெயிலில் நின்ற காரில் அது முழுமையாக மறையாமல் போகலாம். அதற்காக மேலும் மேலும் தேய்த்தால், கிளியர் கோட்தான் தேயும்.